இத்தாலியத் திருவிழா இருக்கிறது, இத்தாலிய மொழி எங்கே?

புரூக்ளின் பாபு:

வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே நிறைய பேர், அதனால் கேட்கிறேன். உங்கள் ஊரில் இத்தாலியர்கள் திருவிழா நடத்துகிறார்களா? அதில் இத்தாலிய மொழி காதில் விழுகிறதா?

நான் இருப்பது நியூயார்க்கில், புரூக்ளின் வில்லியம்ஸ்பர்க் பக்கம். இங்கே மவுண்ட் கார்மல் மாதா கோவிலில் ஒவ்வொரு ஜூலையும் பெரிய விழா. அதன் உச்சம் ஜீலியோ தூக்குவது, 1903-லிருந்து நடக்கிறது. ஜீலியோ என்பது எழுபது அடி உயரக் கோபுரம். உச்சியில் புனித பவுலினுஸ் சிலை, அடியில் ஒரு மேடை, அந்த மேடையில் பாடகரோடு ஒரு பேண்டு குழுவே நிற்கும். இவ்வளவையும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள் தோளில் தூக்கிக்கொண்டு பாட்டுக்குத் தகுந்தபடி ஆடி நடப்பார்கள். நம்ம ஊர் சப்பரம் பார்த்துப் பழகிய எனக்கே வயிற்றைக் கலக்கியது. மேலே கோபுரம் ஊசலாடும்போதும் டிரம்பெட்காரர் பாட்டுக்கு ஊதிக்கொண்டே இருக்கிறார்.

கதை நேப்பிள்ஸ் பக்கத்து நோலா ஊருடையது. ஐந்தாம் நூற்றாண்டில் அங்கே பிஷப்பாக இருந்த பவுலினுஸ், ஒரு விதவையின் மகனை மீட்கத் தன்னையே அடிமையாகக் கொடுத்து வட ஆப்பிரிக்கா போனார், திரும்பி வந்தபோது ஊர் மக்கள் லில்லி மலர்களோடு எதிர்கொண்டார்கள் என்பது ஐதீகம். அந்த மலர்தான் காலப்போக்கில் கோபுரமாகிவிட்டது. நோலாவில் இன்றும் ஜூன் மாதம் எட்டுக் கோபுரங்களைத் தூக்குகிறார்கள். 2013-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தூக்குகிறவர்களில் பலர் இப்போது இந்தப் பேட்டையிலேயே இல்லை. வாடகை ஏறிப்போய் லாங் ஐலண்டு, ஸ்டேட்டன் ஐலண்டு, நியூ ஜெர்சி என்று போய்விட்டார்கள், ஆனால் விழாவுக்குத் தவறாமல் வந்துவிடுகிறார்கள். தாத்தா தோள் கொடுத்த கழியின் அடியில் பேரன் நிற்கிறான். பேசுவது மட்டும் முழுக்க முழுக்க புரூக்ளின் ஆங்கிலம். பாட்டு வரி மனப்பாடம், அர்த்தம் கேட்டால் சிரிக்கிறார்கள். நூறு வருஷம் தாண்டி தோளில் காய்ப்பு வரைக்கும் எல்லாம் வந்து சேர்ந்திருக்கிறது, மொழி மட்டும் எங்கே நழுவியது?

வாசன், சிகாகோ:

இதில் என்ன மர்மம் பாபு. முதல் தலைமுறை பேசும், இரண்டாவது புரிந்துகொள்ளும், மூன்றாவது சாப்பிடும். அவ்வளவுதான். பிரெஞ்சு ஆட்சியிலுள்ள ரியூனியன் தீவில் காவடி எடுக்கும் தமிழ் வம்சாவளியினரிடம் போய்த் தமிழில் பேசிப் பாருங்கள், தெரியும்.

உங்கள் ஜீலியோவாவது தேவலை. மன்ஹாட்டன் மல்பெரி தெருவில் செப்டம்பரில் பதினோரு நாள் சான் ஜென்னாரோ விழா, 1926-ல் நேப்பிள்ஸ்காரர்கள் தொடங்கியது. தெரு முழுக்க சாசேஜ் புகை, எண்ணெய்யில் பொரித்த ஜெப்போலே, இடையிடையே டி-ஷர்ட் கடை. புனிதர் சிலையில் டாலர் நோட்டுகளைக் குத்திக்கொண்டு போகிறார்கள். சுற்றிலும் சைனாடவுன் வளர்ந்துவிட்டது, அந்தத் தெருக்களில் குடியிருக்கும் இத்தாலிய வம்சாவளியினர் ரொம்பச் சிறிய பங்குதான். கமிட்டி இருக்கிறது, ஊர் இல்லை. அதைப் போய் கலாசாரக் கொண்டாட்டம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

மெல்பர்ன் கலா:

வாசன் சார் எப்போதும் போல ஒரே போடாகப் போட்டுவிட்டார். மெல்பர்ன் கதை அப்படி இல்லை.

இங்கே கார்ல்டனில் லைகன் தெரு என்று ஒன்று, இத்தாலியர்களின் காபிக்கடைத் தெரு. 1978-ல் அங்கே ஒரு தெருத் திருவிழா ஆரம்பித்தார்கள், தட்டும் கிளாசும் ஏந்தி வெயிட்டர்கள் ஓடும் பந்தயம் அதில் ரொம்பப் பிரபலமாக இருந்தது. இங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வந்தவர்கள். 1951-ல் ஆஸ்திரேலியாவும் இத்தாலியும் குடியேற்ற ஒப்பந்தமே போட்டன. அதனால் நியூயார்க்கைவிட இரண்டு தலைமுறை இளைய சமூகம்.

மொழிக்காக இவர்கள் செய்த வேலை விழாவோடு நிற்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. கோ-ஆஸ்-இட் என்ற இத்தாலியர் அமைப்பு, அதே கார்ல்டனில், பள்ளிகளுக்கு ஆசிரியர் உதவி, பெரியவர்களுக்கு வகுப்பு, ஒரு குடியேற்ற அருங்காட்சியகம் என்று எல்லாம் நடத்துகிறது. விக்டோரியாவில் ஏகப்பட்ட ஆரம்பப் பள்ளிகளில் இத்தாலியன் பாடம் உண்டு. என் பெண்ணும் அதைத்தான் படிக்கிறாள், வீட்டில் இத்தாலியனில் எண் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

ஆனால் மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வீட்டில் இத்தாலியன் பேசுகிறோம் என்றவர்கள் 2016-ல் சுமார் 2,71,000, 2021-ல் சுமார் 2,28,000. ஐந்தே வருஷத்தில் நாற்பதாயிரத்துக்கு மேல் குறைவு. தாத்தா பாட்டிகள் போய்ச் சேருகிறார்கள், அவர்கள் இடத்துக்கு ஆள் வரவில்லை.

இன்னொரு வேடிக்கை. பக்கத்து வீட்டுப் பாட்டி தெற்கு இத்தாலியின் கலாப்ரியாக்காரர். அவர் பேத்தி பள்ளியில் படித்த இத்தாலியனில் ஏதாவது கேட்டால், பாட்டி ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார். தன் பேச்சு பட்டிக்காட்டுப் பேச்சு, பிள்ளைக்குத் தப்பாக ஒட்டிக்கொள்ளும் என்று பயமாம்.

மொழிப்பித்தன்:

கலா அக்கா கடைசியாகச் சொன்னாரே, பாட்டி பேத்தி கதை, பதில் முழுக்க அதில்தான் இருக்கிறது. பாபு, உங்கள் கேள்வியே கொஞ்சம் தலைகீழாக நிற்கிறது. நோலாக்காரர்கள் இத்தாலிய மொழியைத் தொலைக்கவில்லை. அவர்கள் கையில் அது இருந்ததே இல்லை.

இத்தாலி ஒரே நாடானது 1861-ல். அப்போது அந்த நாட்டில் இத்தாலியன் பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு இரண்டரை பேர் என்று மொழியியலாளர் துல்லியோ தெ மௌரோ கணக்குச் சொன்னார். இன்னும் தாராளமாகக் கணக்குப் போட்டவர்களும் நூற்றுக்குப் பத்தைத் தாண்டவில்லை. மற்றவர்கள் பேசியது நாப்பொலித்தானோ, சிசிலியன், வெனெட்டோ, ஃப்ரியுலான் என்று அவரவர் ஊர்ப் பேச்சு. இன்று இத்தாலியன் என்று சொல்லும் ஃப்ளாரன்ஸ் இலக்கிய மொழியைப் பள்ளிக்கூடமும் பட்டாளமும் கொஞ்சம் பரப்பின. வீட்டுக்குள் கொண்டுவந்தது தொலைக்காட்சி. அரசு நிறுவனமான ராய் தொலைக்காட்சி ஒளிபரப்பை 1954-ல் தொடங்கியது. 1960 முதல் 1968 வரை அல்பெர்த்தோ மான்ஸி என்ற ஆசிரியர் அதில் எழுத்தறிவில்லாத பெரியவர்களுக்குப் பாடம் நடத்தினார். நியூயார்க் கப்பல் ஏறியவர்கள் அதற்கெல்லாம் அரை நூற்றாண்டு முன்பே கிளம்பிவிட்டவர்கள்!

அதனால்தான் பழைய விழாக்களில் "இத்தாலி" என்று ஒன்று இல்லவே இல்லை, ஊர்ப் புனிதர்கள்தான். நோலாவிலிருந்து வந்தவர்களுக்கு பவுலினுஸ். சலேர்னோ பக்கத்துப் போல்லா ஊரிலிருந்து ஈஸ்ட் ஹார்லெம் வந்தவர்களுக்கு, 1880-களிலிருந்து, 115-ஆம் தெரு கார்மல் மாதா. ஊர்ச் சங்கம் வைத்து, மாதச் சந்தா கட்டி, நோய் வந்தால் உதவி, செத்தால் அடக்கச் செலவு, ஆண்டுக்கு ஒருமுறை புனிதருக்கு விழா என்று வாழ்ந்தார்கள். பக்கத்து ஊர்க்காரனின் பேச்சே இவர்களுக்குப் பாதிதான் புரியும். மூன்று நிறக் கொடி, இத்தாலியப் பாரம்பரியம் என்பதெல்லாம் அமெரிக்காவில் எல்லோரையும் ஒரே பெயரில் ஏசியபோது ஒட்டிக்கொண்டது என்பது என் கட்சி.

(ரியூனியன் காவடிக்குத் தனி இழை போடுங்கள் வாசன், இதைத் திசை திருப்பாதீர்கள்.)

கரூரான்:

பித்தன் சார், ஒரு விதிவிலக்கு சொல்கிறேன். பஸ் பாடி கட்டும் தொழில் சம்பந்தமாக தெற்கு பிரேசில் கஷியாஸ் தோ சுல் போயிருந்தேன். அந்த ஊரும் நம்ம கரூர் போலவே பஸ் பாடிக்குப் பேர்போனது. போன நேரம் ஃபெஸ்டா தா உவா, அதாவது திராட்சைத் திருவிழா. 1931-ல் தொடங்கியது, பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அறுவடை சமயத்தில் பிப்ரவரி, மார்ச்சில் வரும். ராணி தேர்வு, அலங்கார வண்டி ஊர்வலம், வருகிறவர்களுக்கெல்லாம் திராட்சை இலவசம். 1972-ல் பிரேசிலின் முதல் வண்ணத் தொலைக்காட்சி ஒளிபரப்பே இந்த ஊர்வலம்தான்.

அந்த மலைப்பகுதியில் 1875-லிருந்து வெனெட்டோ, லொம்பார்டி, ட்ரெந்தினோ பக்கத்து விவசாயிகள் குடியேறினார்கள். காட்டை வெட்டித் திராட்சை போட்டார்கள். சுற்றிலும் போர்த்துகீசியம் பேச ஆளே இல்லாத காடு. அதனால் வெவ்வேறு ஊர்ப் பேச்சுகள் கலந்து, வெனெட்டோ தூக்கலாக, போர்த்துகீசியச் சொற்களும் சேர்ந்து, தாலியான் என்று ஒரு மொழியே உண்டாகிவிட்டது. 1924-ல் கப்புச்சின் துறவிகளின் பத்திரிகையில் அதில் நகைச்சுவைத் தொடர்கதை வந்திருக்கிறது என்றால் பாருங்கள். குளிர்கால இரவில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி, பெண்கள் கோதுமை வைக்கோல் பின்ன, ஆண்கள் சீட்டாட, கதையும் பாட்டும் நடக்கும், அதற்கு ஃபிலோ என்று பெயர். மொழி வளர்ந்தது அந்தத் திண்ணைப் பேச்சில்.

அப்புறம் இடி விழுந்தது. 1937-ல் அதிபர் ஜெத்தூலியோ வார்கஸ் சர்வாதிகார ஆட்சியை அறிவித்து எல்லாரும் பிரேசிலியர், எல்லாரும் போர்த்துகீசியம் என்று கிளம்பினார். அந்நிய மொழிப் பள்ளி, பத்திரிகை எல்லாம் மூடல். 1942-ல் பிரேசில் இத்தாலிக்கு எதிராகப் போரில் இறங்கியதும் தெருவில் தாலியான் பேசினாலே பிடித்து உள்ளே போட்டார்கள். போர்த்துகீசியம் தெரியாத கிழவிகள் கடைக்குப் போய்க் கையால் சைகை காட்டி உப்பு வாங்கினார்களாம், எனக்கு அங்கே ஒரு வெல்டர் சொன்ன குடும்பக் கதை. திராட்சை விழாவும் 1937-க்குப் பிறகு நின்று 1950-ல்தான் திரும்ப வந்தது. இதில் கூத்து என்னவென்றால், 1954 விழாவின்போது கஷியாஸில் குடியேறிகளுக்கான தேசிய நினைவுச் சின்னத்தைத் திறந்து வைத்தவரே அதே வார்கஸ்தான்.

ஆனாலும் மொழி சாகவில்லை. செராஃபினா கொறேயா என்ற சிறு நகராட்சி 2009-ல் தாலியானைப் போர்த்துகீசியத்தோடு ஆட்சி மொழியாக்கியது. 2014-ல் பிரேசில் அரசே அதைத் தன் பண்பாட்டு மரபு என்று அங்கீகரித்தது. வானொலியில் தாலியான் நிகழ்ச்சிகள் ஓடுகின்றன. நான் பார்த்த கிழவர்கள் சீட்டில் தோற்றால் அதில்தான் திட்டுகிறார்கள்.

வாசன், சிகாகோ:

அருமையான தகவல் கரூராரே. ஆனால் நீங்கள் சொன்னதே என் கட்சிக்குத்தான் வலு. மொழியைக் காப்பாற்றியது திராட்சைத் திருவிழா இல்லை, காடு. பக்கத்து வீட்டுக்காரனும் அதே பேச்சு, பாதிரியாரும் அதே பேச்சு, வேறு பேச வழியே இல்லை. சிகாகோவிலோ நியூயார்க்கிலோ தொழிற்சாலைக்குள் காலை வைத்ததும் போலந்துக்காரனிடம் ஆங்கிலத்தில்தான் பேசியாக வேண்டும்.

கரூரான்:

ஒத்துக்கொள்கிறேன், பாதி. காடு வளர்த்தது, சரி. ஆனால் ரோடும் டிவியும் வந்து எத்தனை காலம் ஆகிறது? இடையில் தடையும் அடியும், பள்ளியில் அந்த உச்சரிப்பைக் கேலி செய்து பிள்ளைகளைக் கூச வைத்ததும் உண்டு. அந்தக் கூச்சம் கொஞ்சம் போனது விழா மேடையில் அதே பேச்சில் நாடகம் போட்டு, ஊரே சிரித்த பிறகுதான் என்று அங்கே சொல்கிறார்கள். விழா மொழியை வளர்க்காது, வெட்கத்தைப் போக்கும். கலா அக்கா சொன்ன அந்தப் பாட்டிக்கு லைகன் தெருவில் கலாப்ரியப் பேச்சில் ஒரு மேடை கொடுத்திருந்தால் பேத்திக்குப் பதில் சொல்லியிருப்பார்.

ரூபன், பலெர்மோ:

வணக்கம் அண்ணன்மார், அக்கா. நான் யாழ்ப்பாணம், இப்ப சிசிலி பலெர்மோவில் இருக்கிறேன். நீங்கள் வெளிநாட்டு இத்தாலியரைப் பற்றிக் கதைக்கிறீர்கள், நாங்கள் இத்தாலிக்குள் இருக்கிற வெளிநாட்டுச் சனம், அதனால் ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

பித்தன் அண்ணா சொன்னது இங்கே இன்றும் கண் முன்னால் நடக்கிறது. நான் வகுப்புக்குப் போய் இத்தாலியன் படித்து பல்லாரோ சந்தைக்குப் போனால் மீன்காரர் கத்துவது சிசிலியன், ஒரு சொல்லும் விளங்கவில்லை. இப்ப அவரோடு சிசிலியனில்தான் விலை பேசுகிறேன், அவருக்குப் பெரிய சந்தோஷம்.

திருவிழா என்றால் இங்கே ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியா. 1624-ல் கொள்ளைநோய் வந்தபோது மோந்தே பெல்லெகிரினோ மலையில் அவவின் எலும்புகளைக் கண்டெடுத்து ஊர்வலமாகக் கொண்டுவர நோய் நின்றது என்பது ஊரின் நம்பிக்கை. ஜூலை 14 இரவு பெரிய தேர் போகும், "பலெர்மோ வாழ்க, சாந்தா ரொசாலியா வாழ்க" என்று கத்துவார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் இரவோடு இரவாக மலை ஏறுவார்கள். எங்கள் தமிழ்ச் சனம், சைவக்காரரும் சேர்த்துத்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலைக்கோவிலுக்குப் போகும். பூ வைத்து நேர்த்தி வைப்பினம். உள்ளூர்ச் சனம் அதை வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. எங்களுக்கு அவவோடு பேச இத்தாலியன் தேவைப்படவில்லை, தமிழிலேயே கும்பிடுகிறோம்.

மொழிப்பித்தன்:

ரூபன், இதைப் படித்ததும் ஈஸ்ட் ஹார்லெம் ஞாபகம் வந்தது. 115-ஆம் தெரு கார்மல் மாதா விழாவுக்கு இன்று கூட்டமாக வருபவர்கள் ஹைத்தியர்கள். இத்தாலியர்கள் பெரும்பாலும் புறநகர் போய்விட்டார்கள், ஜூலையில் கொஞ்சம் பேர் திரும்பி வருகிறார்கள், பக்கத்தில் ஹைத்தியர்கள் கிரியோல் மொழியில் பாடிக்கொண்டு போகிறார்கள். கொண்டுவந்தவர்கள் மொழியும் போய் ஆளும் போய், மாதா மட்டும் அதே தெருவில் இருக்கிறார். இதை இத்தாலியப் பண்பாடு என்பதா ஹைத்தியப் பண்பாடு என்பதா, நீங்களே சொல்லுங்கள் வாசன்.

வாசன், சிகாகோ:

மாதா பண்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. மல்பெரி தெரு டி-ஷர்ட் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன்.

புரூக்ளின் பாபு:

எல்லோருக்கும் நன்றி. கரூரார் பிரேசில் தடையைப் பற்றி எழுதியதும் இங்கே நடந்ததைத் தேடிப் படித்தேன். பெர்ல் ஹார்பர் மீது ஜப்பான் குண்டு போட்டதற்குப் பிறகு அமெரிக்கக் குடியுரிமை வாங்காத இத்தாலியர்கள் சுமார் 6 லட்சம் பேரை "எதிரி நாட்டவர்" என்று பதிவு செய்ய வைத்தார்கள். அடையாளப் புத்தகம், பயணக் கட்டுப்பாடு, வீட்டில் சிற்றலை ரேடியோ வைக்கக் கூடாது. 1942 அக்டோபர் 12, கொலம்பஸ் தினத்தன்று அந்தப் பெயரை நீக்கினார்கள். அந்தக் காலத்துச் சுவரொட்டி ஒன்று, ஹிட்லர், முசோலினி, ஜப்பான்காரர் படம் போட்டு, எதிரியின் மொழியைப் பேசாதே, அமெரிக்கன் பேசு என்கிறது. பையன்கள் அமெரிக்கப் பட்டாளத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்க, அம்மாக்கள் அடையாளப் புத்தகத்தோடு திரிந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளையிடம் எந்த மொழியில் பேசுவார்கள்? பாட்டு வரிக்கு அர்த்தம் தெரியாமல் சிரித்தவர்களை நினைத்தால் இப்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

விழா மட்டும் ஏன் நிலைத்தது என்றும் யோசித்தேன். ஜீலியோவை வீட்டில் தனியாக உட்கார்ந்து தூக்க முடியாது. நூறு தோள் வேண்டும், ஒருவன் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவனுக்குப் பாரம் ஏறும். அதனால் வந்தே தீர வேண்டும். நெடுஞ்சாலை போடப் பழைய கோவிலையே இடித்தபோதுகூட புதுக் கோவில் கட்டித் தொடர்ந்தார்கள்.

டொரன்டோ செல்வி:

தாமதமாக வந்தேன். எங்கள் ஊர் இத்தாலியர்களைக் கேட்டால் ஒரே தேதிதான் சொல்வார்கள், 1982 ஜூலை 11. இத்தாலி உலகக்கோப்பை ஜெயித்த அன்று செயின்ட் கிளேர் அவென்யூவில் சுமார் 3 லட்சம் பேர் இறங்கிவிட்டார்கள். கமிட்டி கிடையாது, கடை கிடையாது, புனிதர்கூடக் கிடையாது. நோலாக்காரன், கலாப்ரியாக்காரன், ஃப்ரியுலிக்காரன் எல்லாரும் ஒரே கொடியைப் பிடித்தது அன்றைக்குத்தான் என்று எங்கள் தெரு முடிதிருத்தும் கடைக்காரர் சொல்வார்.

மெல்பர்ன் கலா:

ஒரு சின்னச் செய்தி சேர்த்துவிடுகிறேன். வம்சாவளிக் குடியுரிமையை இத்தாலி 2025-ல் இறுக்கிவிட்டது. முன்பெல்லாம் கொள்ளுத் தாத்தா பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தால் போதும், இப்போது பொதுவாகப் பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி வரைதான். பாஸ்போர்ட்டுக்காக வம்சாவளி தேடியவர்கள் இனி விழாவுக்கு வருவார்களா என்று பார்க்க வேண்டும். பிரேசிலில் இது பெரிய அடி என்று நினைக்கிறேன். கரூராரே, உங்கள் வெல்டர் நண்பர் என்ன சொல்கிறார்?

கரூரான்:

கேட்டேன் அக்கா. அவர் தாத்தாவின் அப்பாதான் கப்பலில் வந்தவர், அதனால் அவருக்குக் கதவு மூடிவிட்டது. "ரோமில் போய் நான் பேசினால் அவர்களுக்குப் புரியவா போகிறது" என்று எழுதியிருக்கிறார். அடுத்த ஊர்வலத்தில் அவர் பெண் வண்டியில் ஏறுகிறாளாம், அதற்குப் பாவாடை தைக்கும் செலவைப் பற்றித்தான் நிறைய புலம்பல்.

லண்டன் மணி:

லண்டன் பக்கம் இருப்பவர்களுக்கு: கிளார்க்கன்வெல் புனித பீட்டர் இத்தாலியக் கோவில் ஊர்வலம் ஜூலை 16-க்கு அடுத்து வரும் ஞாயிறு. கோவில் 1863-ல் கட்டியது, ஊர்வலம் அதே தெருக்களில் போகும். பூசை இத்தாலியனில் நடக்கும், பாபு கேட்ட மொழி அங்கே காதில் விழும். சாப்பாட்டுக் கடைகள் கீழே வார்னர் தெருவில், படிக்கட்டு இறங்கிப் போக வேண்டும். பசியோடு வாருங்கள், வரிசை நீளம்.